ராகு காலத்தில் வந்த வழக்கு

எந்த ஊர் கோர்ட் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஹட்டனிலிருந்து ஓட்டோவில் போய்வரக்கூடிய தூரம். மழைக்காலத்தில் வாசல்படியில் பாசி பிடிக்கும். உள்ளே இரண்டு அறைகள், இரண்டு நீதிபதிகள். இவ்வளவு தெரிந்தால் போதும். அந்தக் கட்டடத்துக்குள் அழுதவர்களின் மானத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு கதை சொல்கிறவனுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

அழகுமுத்து ஓட்டோவை மதிலோரம் நிறுத்திவிட்டு வந்தபோது, தனலெட்சுமி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எதிரே இருந்தவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனலெட்சுமிக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருடம் இதே மாதிரிக் கோர்ட்டுகளில் தமிழைச் சிங்களமாகவும் சிங்களத்தைத் தமிழாகவும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஒருநாள் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு, ஹட்டன் பஸாரில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அழகுமுத்து இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டர். இப்போது அவளுக்குச் சாரதி, உதவியாள், தேவையில்லாத இடத்தில் பகடி விடுகிற ஆள் எல்லாமே அவன்தான்.

எதிரே இருந்தவள் ரஜிதா. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பிறந்து, பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். வாழ்க்கை ஏழு வருடத்தில் முடிந்துவிட்டது. ஆறு வயது மகள் வினோதாவைப் புருஷன் சுமன் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, தாயை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தினான். பிள்ளையைக் கேட்டு ரஜிதா வழக்குப் போட்டிருக்கிறாள். சுமனோ பிள்ளைக்கு விசா எடுத்து, கனடாவில் இருக்கும் தன் அக்காவிடம் அனுப்ப டிக்கட்டும் போட்டுவிட்டான். இந்த மாதம் இருபத்து நாலாம் திகதி விமானம். இன்று பத்து.

"எனக்கு எப்ப கூப்பிட்டிருக்காங்க தெரியுமா மிஸ்? செப்டெம்பர் பதினேழு," என்றாள் ரஜிதா. அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் அது. திகதியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லி அவளுடைய வக்கீல் மனுக்கொடுத்துப் பார்த்திருக்கிறார். இதையே கேட்டு இன்னும் பத்துப் பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள், யாரை முந்திவிடுவது என்று சொல்லி நீதிபதி மறுத்துவிட்டாராம்.

தனலெட்சுமி நிதானமாகக் கேள்வி கேட்டாள். கொஞ்ச நேரத்தில் விஷயம் அழகுமுத்துவுக்கே விளங்கிவிட்டது. இந்தக் கோர்ட்டில் குடும்ப வழக்குகளைப் புதன்கிழமைகளில் மட்டும்தான் வாங்குவார்கள். ஜன்னலுக்கு வந்த வரிசைப்படி இலக்கம். ஒற்றை இலக்கம் ஒன்றாம் அறைக்கு, பெரிய ஐயாவிடம் போகும். இரட்டை இலக்கம் இரண்டாம் அறைக்கு, அங்கே இருப்பவர் பெண் நீதிபதி, ஊர் வாயில் 'அம்மா ஜட்ஜ்'. யாருக்கு யார் தீர்ப்புச் சொல்வது என்பதில் எவனும் கை வைக்கக்கூடாது என்பதற்காக ஏற்படுத்திய முறை. ரஜிதாவின் இலக்கம் நாற்பத்தெட்டு. ஒன்றாம் அறையில் வழக்கு இரண்டு வாரத்துக்குள் கூப்பிடப்படுகிறது. இரண்டாம் அறையில் நான்கு மாதம்.

"ஒரு இலக்கம் முன்னால வந்திருந்தா, பிள்ளையக் கொண்டுபோறதுக்கு விமானத்துக்கு முன்னாலயே தடை வாங்கியிருக்கலாம்," என்றாள் தனலெட்சுமி.

"பஸ்ல கடைசி சீட்டு மாதிரிதான். ஒரு ஆள் முந்தினா நாம நின்னுக்கிட்டே போகணும்," என்றான் அழகுமுத்து. யாரும் சிரிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

ரஜிதாவின் அண்ணன் நிரோஷன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். கோர்ட்டுக்கு எதிரே போட்டோகொப்பி கடை அவனுடையது. லயத்து ஆட்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பான், கடிதம் டைப் பண்ணிக் கொடுப்பான், படிக்கத் தெரியாதவர்களிடம் காசு வாங்கமாட்டான் என்று ஊரில் நல்ல பெயர். தங்கை துப்பறிகிறவளைத் தேடிப் போனது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. செப்டெம்பர் வரைக்கும் பொறுத்தால் அம்மா ஜட்ஜ் நல்ல தீர்ப்புத் தருவார், இதைக் கிளறவேண்டாம் என்றான்.

"செப்டெம்பர்ல பிள்ளை எங்க இருக்கும் அண்ணே?" என்று ரஜிதா கேட்டாள்.

வழக்குப் போட்ட அன்று எத்தனை மணிக்கு ஜன்னலுக்குப் போனார்கள் என்று தனலெட்சுமி விசாரித்தாள். பதினொன்றரைக்கே வந்துவிட்டதாகவும், ராகு காலம் கழியட்டும் என்று அண்ணன் சொன்னதால் இதே பெஞ்சில் காத்திருந்து, ஒன்று முப்பத்தைந்துக்கு முதல் ஆளாக மனுவைக் கொடுத்ததாகவும் ரஜிதா சொன்னாள்.

தனலெட்சுமி எழுந்து பதிவறை ஜன்னலுக்குப் போனாள். அங்கே இருந்த பிரியந்தி அவளுக்குப் பழைய பழக்கம். இரண்டு பேரும் சிங்களத்தில் குசுகுசுத்தார்கள். பிரியந்தி புத்தகத்தைப் புரட்டி, ஒரு வரியை விரலால் காட்டினாள். அழகுமுத்து பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

இலக்கம் நாற்பத்தேழு. விவாகரத்து வழக்கு. மனுதாரர் வேலாயி, எதிராளி அவளுடைய கணவன் செல்லசாமி, நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். வக்கீல் இல்லை. கொடுத்த நேரம் பன்னிரண்டு இருபது.

"அந்த நேரத்துல இங்க யாராச்சும் வருவாங்களா?" என்று தனலெட்சுமி கேட்டாள். பிரியந்தி சிரித்துவிட்டாள். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். தமிழ் ஆட்களும் வரமாட்டார்கள், சிங்கள ஆட்களும் வரமாட்டார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் தான் சோற்றுப் பார்சலை நிம்மதியாகப் பிரிப்பதாகச் சொன்னாள். அன்றைக்கு மட்டும் யாரோ சோறு தின்னும்போது மனுவை நீட்டினார்கள். கையைக் கழுவாமலே முத்திரை குத்தினாளாம். முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் தனலெட்சுமி அழகுமுத்துவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க ஒரு வழக்குப் போடுறதா இருந்தா ராகு காலத்துல போடுவீங்களா?"

"நான் அந்த நேரத்துல டயரே மாத்த மாட்டேன் மிஸ்."

"அப்ப இது ஜெயிக்கணும்னு போட்ட வழக்கு இல்ல. யாரும் குறுக்க வராத நேரம் பாத்து, வரிசைய ஒண்ணு தள்ளிவிடப் போட்டது."

அழகுமுத்துவுக்கு ரத்தம் சூடேறியது. புடவைக்கடைக்காரன் தள்ளிவிட்டுவிட்டான். நாலு மாதம் இழுத்தடித்து, அதற்குள் பிள்ளையை விமானத்தில் ஏற்றிவிடப் பார்க்கிறான். கடைக்கே போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்றான். முதலில் வேலாயியைப் பார்க்கலாம் என்றாள் தனலெட்சுமி.

நோர்வூட் தாண்டி மேலே ஏற ஏற பாதை மோசமானது. வழியெல்லாம் அழகுமுத்துதான் பேசிக்கொண்டு வந்தான். பனி இறங்கியிருந்தது, கொழுந்தெடுக்கிற பெண்களின் தலையும் கூடையும் மட்டும் தெரிந்தன. லயத்தில் மூன்றாவது வீடு. வேலாயிக்கு அறுபத்து மூன்று வயது, தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தாள். செல்லசாமி உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க ஐயாவ விட்டுப் பிரியணும்னு கோட்டுல வழக்குப் போட்டிருக்கீங்க," என்றாள் தனலெட்சுமி.

வேலாயி கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே திரும்பிப் புருஷனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "போடுறதா இருந்தா முப்பது வருஷத்துக்கு முன்னாலயே போட்டிருப்பேனே. இனிமே இந்த மனுஷன யாரு எடுப்பா?"

"எப்ப போட்டா?" என்று செல்லசாமி உள்ளேயிருந்து கவலையோடு கேட்டார். சோறு இன்றைக்குக் கிடைக்குமா என்பதுதான் அந்தக் கவலையின் அடி என்று அழகுமுத்துவுக்குப் பட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோர்ட்டிலிருந்து அவருக்குக் கடிதம் ஏதும் வரவில்லையா என்று கேட்டான். கடிதம் எங்கே லயத்துக்கு வருகிறது என்றார் அவர். எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும், யாராவது ஞாபகம் வந்து எடுத்துவந்தால் உண்டு.

அழகுமுத்து மலையேறிப் போய் அந்தப் பெட்டியைக் கிளறினான். பாஸ்போர்ட் கடிதம், பரீட்சை முடிவு, வங்கிக் கடிதம் என்று எத்தனையோ பேருடைய வாழ்க்கை அதில் மக்கிக்கொண்டிருந்தது. அடியில் செல்லசாமியின் பெயருக்கு அழைப்பாணை. ஒட்டியபடியே இருந்தது. இருநூறு வருடமாக இந்த ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு கதவு இலக்கம் இல்லை. அந்தக் குறையை யாரோ ஒருவன் தெரிந்து பயன்படுத்தியிருக்கிறான். தோட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவன். பஸார் முதலாளிக்கு இது எப்படித் தெரியும் என்ற சந்தேகம் அவனுக்கு அங்கேதான் முதலில் தட்டியது.

அவன் திரும்பி வந்தபோது தனலெட்சுமி வேலாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக எங்கே கையெழுத்து வைத்தீர்கள் என்ற கேள்விக்கு வேலாயி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுத் திட்டத்துக்குப் பாரம் நிரப்ப டவுனுக்குப் போனது, மூன்று தாளில் கையெழுத்து வைத்தது, நிரப்பிக் கொடுத்தவன் காசே வாங்காமல் டீ வேறு வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"தங்கமான புள்ளங்க. அவன ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க," என்றாள்.

"எந்தக் கடைம்மா?"

"கோட்டுக்கு நேர எதிர்த்தாப்புல."

அழகுமுத்துவின் வாயில் ஒரு பகடி தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டான்.

கீழே இறங்கும்போது பிரியந்தி போன் பண்ணினாள். தனலெட்சுமி கேட்டபடி, போன நாலு மாதத்துப் புதன்கிழமைகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். ராகு காலத்தில் வந்த வழக்குகள் பதினொன்று. எல்லாமே வக்கீல் இல்லாதவை, எல்லாம் ஒற்றை இலக்கம், எல்லாம் ஒன்றாம் அறைக்குப் போனவை. பத்து வழக்கில் கூப்பிட்ட நாளில் ஒருவரும் வராததால் தள்ளுபடி. பதினொன்றாவது வேலாயியுடையது, அது இன்னும் கூப்பிடப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடுத்த இலக்கம் யாருடையது என்று தனலெட்சுமி கேட்டாள். பதிலைக் கேட்டதும் போனை மடியில் வைத்தாள்.

"பதினொண்ணும் பிள்ளையக் கேட்டு வந்த அம்மாக்கள், அண்ணே. சுமன் தன்னோட வழக்குக்கு இதைச் செஞ்சிருக்கலாம். மத்த பத்துப் பேருக்காக எதுக்குச் செய்யணும்?"

"அப்ப இத செஞ்சவன்..."

"அந்த அம்மாக்களுக்கு உதவி செய்றோம்னு நினைச்சுச் செஞ்சிருக்கான்."

அழகுமுத்து ஓட்டோவை மெதுவாகவே ஓட்டினான். சீக்கிரம் போய்ச் சேர அவனுக்கு விருப்பமில்லை.

கடையில் நிரோஷன் தனியாக இல்லை. ரஜிதா மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யாருடைய பிறப்புச் சான்றிதழ் பிரதிகளுக்கோ ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வா தங்கச்சி, ஒரு டீ குடித்துவிட்டு வருவோம் என்று அழகுமுத்து அவளைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் அசையவில்லை.

"என் பிள்ளை விஷயம்தானே. இங்கயே சொல்லுங்க மிஸ்."

தனலெட்சுமி அழைப்பாணையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். நிரோஷன் அதைப் பார்த்தான். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும் என்று அழகுமுத்து நினைத்தான்.

போன வருடம் ராகலைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாளாம். பெரிய ஐயா சபையில் எல்லோர் முன்னாலும் அவளுடைய லயத்து அறை எத்தனை அடி, அதில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். பத்துக்குப் பத்து, ஆறு பேர் என்றிருக்கிறாள். பிள்ளை தகப்பனுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் இந்தக் கடை வாசலில் விழுந்து புரண்டு அழுதாள். அன்றைக்கு முடிவெடுத்தான் நிரோஷன். எதிரில் கடை வைத்திருப்பவனுக்கு, முத்திரை குத்திய மனுக்கள் பிரதியெடுக்க வரும்போதே கடைசி இலக்கம் தெரிந்துவிடும். அது இரட்டையாக இருந்தால், அடுத்து வருகிற தாய் பெரிய ஐயாவிடம் மாட்டிக்கொள்வாள். அப்படிப்பட்ட நாட்களில் அந்தத் தாயைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, ராகு காலம் பார்த்து ஒரு பொய் வழக்கை முன்னால் நுழைத்துவிடுவான்.

"லயத்து அறைய அளக்கிறவருகிட்ட அவங்க போகக் கூடாது மிஸ். அம்மா ஜட்ஜுக்குத்தான் ஒரு அம்மாவோட வலி தெரியும்னு எல்லாரும் சொன்னாங்க. என் தங்கச்சிய மட்டும் அங்க விடுவேனா?"

"நீங்க அனுப்பின பத்து அம்மாக்கள்ல எத்தனை பேருக்குப் பிள்ளை கெடைச்சிருக்கு?" என்று தனலெட்சுமி கேட்டாள்.

"இன்னும்... கூப்பிடல மிஸ்."

"ஒருத்தருக்கும்?"

தனலெட்சுமி குரலை உயர்த்தாமல் சொன்னாள். "ஒண்ணாம் அறையில எதனால வேலை சீக்கிரம் நடக்குது தெரியுமா தம்பி? அங்க பாதி வழக்குக்கு ஆளே கிடையாது. ஆள் இல்லாத வழக்க ஒரு நிமிசத்துல தள்ளிட்டு அடுத்தத எடுக்கிறாரு. ரெண்டாம் அறையில செப்டெம்பர் வரைக்கும் நிக்கிறது யாரு? நீங்க அனுப்பின அம்மாக்கள்தான். உங்க தங்கச்சிக்கு முன்னால வரிசைய நீட்டி வச்சது நீங்க."

நிரோஷன் அப்படியே மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். பச்சை வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது, எதுவும் வைக்காத கண்ணாடியிலிருந்து ஒரு வெற்றுத்தாள் விழுந்தது. அழகுமுத்து குனிந்து அதை எடுத்தான். கெட்டவனாக இருந்தால் கழுத்தைப் பிடித்திருக்கலாம். இவனை என்ன செய்வது?

வழி ஒன்று இருப்பதாகத் தனலெட்சுமி சொன்னாள். ஒரு வழக்கை ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்கு மாற்றுகிற அதிகாரம் பெரிய ஐயாவுக்கு உண்டு. நாற்பத்தேழு பொய் என்று நிரூபித்தால், ரஜிதாவின் வழக்கை அந்த இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். அவர் ஒப்புக்கொண்டால் விமானத்துக்கு முன் தடை கேட்க நேரம் இருக்கிறது. ஆனால் பொய் என்று சொன்னால் போதாது. யார் பொய் சொன்னது என்று கேட்பார்கள். ரஜிதாதான் புகாரில் கையெழுத்து வைக்கவேண்டும். பொலிஸ் வரும், மற்ற பத்தையும் தோண்டுவார்கள், நிரோஷன் உள்ளே போவான். இதில் எதையும் குறைத்துச் சொல்ல அவள் முயலவில்லை.

"மாத்தினா பெரிய ஐயாகிட்டதானே போகும்," என்றான் நிரோஷன் தங்கையைப் பார்த்து. "அவர் உன்கிட்ட அறையப் பத்திக் கேப்பாரு புள்ள. நம்ம வீட்டுல அம்மாவோட சேத்து ஏழு பேரு."

ரஜிதா எழுந்து வந்தாள். அடிப்பாளோ என்று அழகுமுத்து பயந்தான். அவள் அண்ணனுக்கு எதிரே மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"கேக்கட்டும். அளந்து பாக்கட்டும். நான் நின்னு பதில் சொல்லிக்கிறேன். தோத்தாலும் என் வாயால கேட்டுத் தோத்துட்டுப் போறேன். என்னை வாயே திறக்க விடாம பண்ணிட்டியே அண்ணே."

நிரோஷன் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். புகாரை எப்படி எழுதவேண்டும் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும், இந்த ஊரில் பாதிப் புகார்கள் அவன் விரலில் பிறந்தவை. திகதி, நேரம், வேலாயியின் பெயர், வெறும் தாளில் கையெழுத்து வாங்கிய விதம், எல்லாவற்றையும் ஒழுங்காக அடித்தான். தங்கைக்கு இது எதுவும் தெரியாது என்று ஒரு வரியை மட்டும் இரண்டு தரம் படித்துப் பார்த்துத் திருத்தினான். குற்றவாளி மனுதாரருக்கு என்ன உறவு என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டான்.

"கூடப்பிறந்த அண்ணன்னு போடு," என்றாள் ரஜிதா.

அடித்தான். இரண்டு பிரதி போதுமா என்று தனலெட்சுமியிடம் அவள் கேட்டாள். போதும் என்று சொல்லத் தனலெட்சுமி வாயெடுப்பதற்குள் நிரோஷன் தலையை ஆட்டினான்.

"மூணு எடுக்கணும் புள்ள. கோட்டுக்கு ஒண்ணு, பொலிசுக்கு ஒண்ணு. ஒண்ணு முத்திரை குத்தி உன் கையில இருக்கணும், இல்லாட்டி நீ குடுக்கவே இல்லன்னு சொல்லிருவாங்க," என்று சொல்லிவிட்டு, மெஷினில் தாளை வைத்தான்.